தீக்காயம் பட்டவரை நலம் விசாரிக்கச் செல்வோருக்கு

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பலர் தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகையோர் எம்மதத்தவராயினும் போய்ப் பார்ப்பது நம் கடமை. நோயுற்ற யூதச் சிறுவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் சென்று விசாரித்தார்களல்லவா?

ஆனால் தோல் என்பது உடலுக்குக் கோட்டை மதில். தீ அதைச் சிதைத்துவிட்டால் கிருமிகள் இரத்தம் வரை புகுந்துவிடும். முதல் சில நாட்களைத் தாண்டியவர்களைப் பின்னர் பலிகொள்வது பெரும்பாலும் இந்தத் தொற்றுதான். அதைக் கொண்டு சேர்ப்பது பார்க்க வந்தவரின் கையாகவும் இருக்கலாம்.

"நான் ஒளூவுடன்தானே வந்தேன்" என்பார் சிலர். பஸ் கம்பியைப் பிடித்தாலும் காசை எண்ணினாலும் ஒளூ முறியாதுதான். ஆனால் கையில் கிருமி ஏறாமலிராது. தூங்கி எழுந்தவர் கழுவாத கையைப் பாத்திரத்து நீரில் விடலாகாது என்ற நபிமொழி, அழுக்கைக் கண்ணால் கண்ட பிறகல்ல, ஐயத்திலேயே கழுவச் சொல்கிறது.

ஆகவே வார்டுக்குள் நுழையுமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றி, சோப்பிட்டு, ஒளூவில் செய்வதுபோல் விரல் இடுக்குகளைக் கோதி, 20 விநாடிக்குக் குறையாமல் தேய்த்துக் கழுவுங்கள். வெளியே வந்ததும் மீண்டும் ஒருமுறை. கைலாகு வேண்டாம், கட்டிலில் உட்காரவும் வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே துஆச் செய்யட்டும்.