கார்டுக்கு மேல் மெட்டு: கிடார் சோலோ அமைக்க 9 குறிப்புகள்

பர்கூரில் ஜவுளிக் கடையோ சிப்காட் ஷிஃப்டோ முடிந்து வந்து, இரவில் அரை மணி நேரம் கிடார் எடுப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். வாயால் பாட வரும் சோலோதான் கேட்பவர் மனதில் நிற்கும்.

1. முதலில் கார்டுகளை மட்டும் செல்போனில் பதிவு செய்யுங்கள். சி, ஜி, ஏ மைனர், எஃப் என ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு. நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 16 நொடி.

2. கிடாரைக் கீழே வைத்துவிட்டு, பதிவைப் போட்டு ஹம்மிங் செய்யுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் இடங்களில் சோலோவும் நின்று போகட்டும்.

3. சி-யை 'ச' என்று வைத்து இப்படி ஒரு தாளில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள்.
சி: ச க ப
ஜி: ப நி ரி
ஏ மைனர்: த ச க
எஃப்: ம த ச

4. கார்டு மாறும் முதல் தட்டில் அந்தக் கார்டின் சுரத்திலேயே இறங்குங்கள். நான்கு கார்டுக்கும் முறையே க, ரி, ச, கீழ் த என்று வாசித்துப் பாருங்கள். படி இறங்குவதுபோல ஒரு மெட்டு அதிலேயே கிடைத்துவிடும். இடைவெளியைப் பிறகு நிரப்பலாம்.

5. நிரப்புவதற்கு மோகனத்தின் ச, ரி, க, ப, த போதும். பெரும்பாலும் எந்தக் கார்டிலும் உறுத்தாது. கை பழகியதும் ம, நி சேர்த்தால் சங்கராபரணம். சி கார்டில் 'ம'வைத் தொடலாம், நிற்கக் கூடாது. நின்றால் 'க'வோடு மோதும்.

6. முதல் இரண்டு கார்டில் ஒரு கேள்வி, அடுத்த இரண்டில் அதற்குப் பதில். தாளநடை ஒன்றாகவே இருக்கட்டும், முடியும் சுரத்தை மட்டும் மாற்றுங்கள். மேல் சுரத்தைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருங்கள்.

7. 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' இரண்டிலும் கிடார் வரும் இடங்களைக் கேளுங்கள். முதலில் பாடுங்கள், அப்புறம் கம்பியில் தேடுங்கள்.

8. கன்னடத்தில் 'கீதா' (1981) படத்துக்கு இளையராஜா போட்ட 'ஜொதெயலி' மெட்டுதான் தமிழில் 'நூறாவது நாள்' (1984) படத்தில் 'விழியிலே'. மொழி மாறியும் மெட்டு நின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் நம் ஊரில், உங்கள் சோலோவை மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்களால் திரும்ப ஹம்மிங் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.

9. வாசித்து முடித்ததும் உலர்ந்த காட்டன் துண்டுத் துணியால் கம்பிகளைத் துடைத்து வையுங்கள். வியர்வை உப்பு தங்கினால் கம்பி துருப்பிடித்து நாதம் மங்கும்.

நூறு சுரம் வேண்டாம். இன்றிரவு நான்கு கார்டு, நான்கு சுரத்தோடு தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் அந்த மெட்டு தானாக வாயில் வந்தால், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.