கோம்பைக் குட்டி வளர்க்கத் தொடங்கும் உனக்கு

கண்ணு, நீ கோம்பைக் குட்டி வாங்கிய சேதி கேட்டு மனசு குளிர்ந்தது. தேனிப் பக்கத்துக் கோம்பையின் பேரைத் தாங்கிய இனம்; காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனது. மாந்தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நல்ல துணை. ஆனால் நாலு மாதத்திலேயே உறுமுகிறது, கடிக்கிறது என்று உன் அம்மா பயப்படுகிறாள். பயப்பட வேண்டாம். அதன் வீரத்தை ஒடிக்காமல், உன்னை நம்ப வை. அது போதும்.

1. கடிக்கும் வாயைப் புரிந்துகொள். இந்த வயதில் 28 பால்பற்கள் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். ஈறு தினவெடுக்கும் காலம். கையைக் கவ்வினால் கத்தாதே, வெடுக்கென்று இழுக்காதே, அதுவே விளையாட்டாகிவிடும். பேசாமல் எழுந்து போய்விடு. சற்றுப் பொறுத்துக் கடிக்க ஒரு கயிற்றுத் துண்டைக் கொடு. நீ எழுந்துபோன இடத்தில் உன் தம்பி கையை ஆட்டிச் சீண்டினால் குட்டி எதைக் கற்கும்? வீடு முழுக்க ஒரே பழக்கம் வேண்டும்.

2. உறுமியதற்காக அடிக்காதே. எங்கள் தெருவில் ஒருவர், நாய் உறுமும்போதெல்லாம் குச்சியை எடுப்பார். சில மாதத்தில் உறுமல் நின்றது. நாய் திருந்திவிட்டது என்று ஊரே மெச்சியது. பிறகு விருந்துக்கு வந்த குழந்தை அதன் காதைப் பிடித்தபோது, சத்தமே காட்டாமல் கடித்தது. உறுமல் என்பது "தள்ளிப் போ" என்று அது மரியாதையாகச் சொல்வது. உன் குட்டி உறுமினால் குழந்தையை விலக்கு, எதற்கு உறுமியது என்று பார்.

3. மல்லாக்கத் தள்ளி அமுக்கி, "நான்தான் தலைவன்" என்று காட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதே. ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்குச் சண்டை நடக்கும் என்ற எண்ணம்தான் இந்த யோசனைக்கு அடிப்படை. அது பரவ, அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய புத்தகமும் ஒரு காரணம். காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு கவனித்த அவரே, அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அடக்குபவனாக இராதே, பெற்றவனைப்போல் இரு.

4. உலகத்தைக் காட்டு. குட்டி புதியதை எளிதில் ஏற்கும் காலம் பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை. உன் குட்டி அதைத் தாண்டிவிட்டது. அதனால் மெதுவாகப் போ. தடுப்பூசிகளை முடித்தபின், வெள்ளிக்கிழமை நம் குந்தாரப்பள்ளிச் சந்தை கூடும்போது கூட்டிப் போ. உள்ளே நுழையாதே, ஆட்டுக் கத்தலும் டெம்போ ஹாரனும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் லேசாகக் காதில் விழும் தூரத்தில் நில். குட்டி வாயை இறுக மூடி, உடம்பு விறைத்து, ஒரே ஆட்டை இமைக்காமல் பார்த்தால் அதற்குத் தாங்கவில்லை, பின்வாங்கு. ஆட்டைப் பார்த்த கண் தானாக உன் முகத்துக்குத் திரும்பும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் வெந்த ஈரல் துண்டு ஒன்று வாய்க்குப் போக வேண்டும். ஆடு, ஆள், அடுத்த நாய் எதற்கும் இதுதான் பாடம். இதில் அவசரப்படுகிறவனுக்கு நாய் எதற்கு?

5. சிப்காட் ஷிப்டுக்குப் போகிற நீ, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதே. சும்மா கிடக்கும் கோம்பை சண்டையைத் தேடிக்கொள்ளும். வேலைக்கு முன்னும் பின்னும் நடக்க வை; தோப்பில் மோந்து தேடவிடு.

6. தின்னும்போது தட்டைப் பிடுங்கிப் பார்க்காதே. கிட்டே போனால் ஒரு துண்டு சேர்த்துப் போட்டுவிட்டு வா.

7. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் இன்றே போடு, கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் மறுபடி போடு. யாரையாவது பல் கீறினால்கூட மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. உன் வீட்டு நாய்தானே என்று காயம்பட்டவர் தயங்கினாலும் விடாதே.