கதிர்காமக் காட்டுப் பாதையில் போனாலும் வீட்டுத் தொடர்பு விடாதிருப்போம்



ஆடி மாதம் வந்தால் நம் லயங்களில் கதிர்காமப் பேச்சுத்தான். பலர் பஸ்ஸில் போய் வருகிறார்கள். சிலர் பதுளை, மொனராகலை, பொத்துவில் வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போய், அங்கிருந்து குமண, யால காடுகளைக் கடந்து பாதயாத்திரை போகிறார்கள். அந்த நடைக்கு நாலைந்து நாள் ஆகும். காட்டுக்குள்ளே பல இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது.

நடக்கிறவர்கள் கூட்டத்தோடு "அரோகரா" சொல்லிப் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிற தாய்க்குத்தான் தவிப்பு. "போன் வேலை செய்யல்லியே, என்ன ஆச்சோ" என்று கொழுந்து எடுக்கும்போதும் மனசு நிற்காது. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒருவர் உண்மையிலேயே வழி தவறியிருப்பார். வீட்டிலோ "சிக்னல் இருக்காது" என்று சும்மா இருந்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எப்போது பேசுவோம், எத்தனை நாள் பேச முடியாது, எதுவரை பொறுக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன்பே பேசி முடிவெடுப்போம்.

1. பயணத் தாள் எழுதுவோம். குழுத் தலைவரின் பெயர், கூடப் போகிற இரண்டு பேரின் போன் நம்பர், காட்டுக்குள் இறங்கும் நாள், கதிர்காமம் சேரும் நாள் இவ்வளவும் போதும். ஒரு தாள் வீட்டில், இன்னொன்று நம்பிக்கையான பக்கத்துக் காம்பராவில் இருக்கட்டும்.

2. கெடு வைப்போம். காட்டுக்குள் இறங்குமுன் சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தடவை பேசுவோம். கதிர்காமம் சேர்ந்ததும் முதல் வேலையாக அடுத்த தடவை பேசுவோம். வெள்ளிக்கிழமை சேருவதென்றால் சனி மாலை வரை வீட்டார் பொறுக்கலாம். அதற்குப் பிறகும் சத்தம் இல்லை என்றால் தாளில் உள்ள மற்ற நம்பர்களுக்கு எடுக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் 119க்கு எடுத்து பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

3. போனைக் காப்போம். சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் பெட்டரி சீக்கிரம் இறங்கும். ஆகவே அணைத்து வைப்போம். கும்புக்கன் ஓயாவைக் கடக்கும்போது பொலித்தீனில் சுற்றி வைப்போம். சிக்னல் கொஞ்சமாக இருந்தால் பேச்சு அறுந்து போகும். "சுகம், நாளை வருவோம்" என்று சின்ன மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

4. சீட்டு எழுதி வைப்போம். போன் செத்துவிட்டால் அதில் உள்ள நம்பரும் கிடைக்காது. பெயர், தோட்டம், டிவிசன், வீட்டு நம்பர் எழுதிய சீட்டை எல்லாரும் மடியில் வைத்திருக்க வேண்டும். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் குடிக்கிற மருந்தின் பெயரையும் அதில் எழுத வேண்டும்.

5. ஆள் மூலம் சொல்லி அனுப்புவோம். கால் நோவால் ஒருவர் பின்தங்கினால், முன்னே போகிற குழுவிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பலாம். போன் வருமுன் நம் பாட்டன் பூட்டன் செய்ததும் இதுதான்.

யாருக்காவது கடுமையான வருத்தம் என்றால் வழியில் உள்ள அதிகாரிகளிடம் உடனே சொல்வோம். சிக்னல் உள்ள இடம் என்றால் 1990க்கு எடுப்போம். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

வீட்டு வேலை: இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, போனைப் பார்க்காமல் அம்மாவின் நம்பரைச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு நீங்களும் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் கதிர்காமம் புறப்படுமுன் அதைத்தான் முதலில் பாடமாக்க வேண்டும்.