இடைக்கால மத்தியதரைக்கடற் கலைச்சின்னங்களை வரைபடமாக்கல்: மாணவர் திட்டத்திற்கான பதிவுமுறை

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால மத்தியதரைக்கடற் பகுதியின் கலைப்பொருள்களையும் நினைவுச்சின்னங்களையும் மாணவர்கள் மின்னிலக்க வரைபடத்தில் பதிவுசெய்யும்போது எழும் முதன்மைச் சிக்கல் மென்பொருள் பற்றியதன்று. பதிவின் அலகு எது என்பது பற்றியதாகும். ஒரு பொருளுக்கு ஒரு புள்ளி என்னும் முறை அப்பொருளின் வரலாற்றை மறைக்கிறது. சான்றுடன் கூடிய தனித்தனிக் கூற்றுகளே பதிவின் அலகாதல் வேண்டும் என்பதைச் சிசிலி, பீசா ஆகிய இடங்களின் சின்னங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னிலக்க வரைபடம், சிசிலி, பலெர்மோ, கலை வரலாறு, தரவுக் கட்டமைப்பு

முன்னுரை

புவியியல் தகவல் மென்பொருள், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் அதன் அகலாங்கு, நெட்டாங்கு வழியாக வரைபடத்தில் ஒரு புள்ளியாக்குகிறது. ஆகவே, வரிசையில் எதை எழுதுவது என மாணவர் எடுக்கும் முடிவே வரைபடம் எதைச் சொல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெயர், ஊர், ஆண்டு, பாணி என்னும் நான்கு புலங்கள் போதும் என்று தொடக்கத்தில் தோன்றும். 1130இல் இரண்டாம் ரோஜர் முடிசூடிய சிசிலி அரசின் சின்னங்கள் இந்நான்கு புலங்களுக்குள்ளும் அடங்குவதில்லை.

1. பொருளும் இடமும்

ரோஜரின் அரச மேலங்கி இன்று வியன்னாவின் கருவூலத்தில் உள்ளது. அதன் விளிம்பில் கூஃபிக் எழுத்தில் அமைந்த அரபுப் பொறிப்பு, அது பலெர்மோவின் அரச பணிமனையில் ஹிஜ்ரி 528இல் (பொ.ஆ. 1133-34) செய்யப்பட்டதைக் கூறுகிறது. பிற்காலத்தில் அது புனித உரோமைப் பேரரசர்களின் முடிசூட்டு ஆடையாயிற்று. வியன்னாவில் புள்ளியிட்டால் தோற்றம் மறையும். பலெர்மோவில் இட்டால் பயணம் மறையும்.

பீசாவின் வெண்கலக் கிரிஃபின் சிற்பம் இதனினும் கடினமானது. அது 1828 வரை பீசா பேராலயக் கூரைமேல் நின்றது. அது இசுலாமியக் கலைமரபைச் சார்ந்தது. எனினும் அது செய்யப்பட்ட இடம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தலூசியா என்பது வலுவான கருத்து. வட ஆப்பிரிக்கா, எகிப்து, ஈரான் ஆகியனவும் முன்மொழியப்பட்டுள்ளன. இங்கு ஒற்றைப் புள்ளி, முடிவுறாத விவாதத்தை முடிந்ததாகக் காட்டிவிடும்.

2. கட்டடமும் பகுதிகளும்

இடம்பெயராத கட்டடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. பலெர்மோவின் அரண்மனைச் சிற்றாலயத்தில் (கப்பெல்லா பலத்தீனா) குவிமாடத்தின் மொசைக் ஓவியங்கள் பைசாந்திய மரபின. அங்குள்ள கிரேக்கப் பொறிப்பு 1143ஆம் ஆண்டைத் தருகிறது. நடுக்கூடத்தின் மரவிதானமோ முகர்னாஸ் அமைப்பும் அரபுப் பொறிப்புகளும் கொண்டது. நடுக்கூட மொசைக் ஓவியங்கள் பிந்திய காலத்தவை. அவற்றில் இலத்தீன் வாசகங்கள் காணப்படுகின்றன. ‘பாணி’ என்னும் புலத்தில் மாணவர் எதை எழுதுவார்? 2015இல் யுனெஸ்கோ இக்கட்டடத்தை உள்ளிட்ட ஒன்பது சின்னங்களை ‘அரபு-நார்மன் பலெர்மோ’ என்னும் பெயரின்கீழ் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பைசாந்தியப் பங்கு அப்பெயரில் இடம்பெறவில்லை. எனவே கட்டடத்தை ஒரு பதிவாகக் கொள்ளாது, அதன் பகுதி ஒவ்வொன்றையும் தனிப் பதிவாகக் கொள்ளுதல் பொருந்தும்.

3. காலமும் மொழியும்

அரச குருவான கிரிசாந்துஸ் தம் தாய் அன்னாவுக்காக 1149இல் பலெர்மோவில் நிறுவிய நினைவுக்கல் நான்கு வாசகங்கள் கொண்டது: எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு, இலத்தீன், கிரேக்கம், அரபு எழுத்திலான அரபு. வாசகங்கள் நான்கு, மொழிகளோ மூன்றே. மொழியும் எழுத்தும் ஒரே புலத்தில் அமைந்தால் இவ்வேறுபாடு மறையும். மேலும் அவ்வாசகங்கள் தத்தம் சமூகத்தின் ஆண்டுக்கணக்கைப் பின்பற்றுகின்றன. ஆகவே கல்லில் உள்ளவாறே ஆண்டை ஒரு புலத்திலும், பொது ஆண்டுக்கு மாற்றியதை மற்றொரு புலத்திலும் எழுதுதல் வேண்டும். ஹிஜ்ரி ஆண்டொன்று பெரும்பாலும் இரு பொது ஆண்டுகளில் விரவி நிற்பதால், தொடக்க ஆண்டு, இறுதி ஆண்டு என இரு புலங்கள் தேவைப்படும்.

4. பரிந்துரைக்கும் பதிவுமுறை

மேற்கண்டவற்றால் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருளைக் குறிக்காது, அப்பொருளைப் பற்றிய ஒரு கூற்றைக் குறிக்க வேண்டும் என்பது பெறப்படும். ஒவ்வொரு கூற்றிலும் ஐந்து கூறுகள் அமையும்: நிகழ்வு (செய்யப்பட்டது, நிறுவப்பட்டது, பெயர்க்கப்பட்டது, காக்கப்படுகிறது), இடம், கால எல்லை, சான்று, உறுதிநிலை. மேலங்கிக்கு இவ்வாறு பல வரிசைகள் அமையும்; ஒரே அடையாள எண் அவற்றை இணைக்கும். வரைபடத்தில் பயணம் கோடாகவும், ஐயத்துக்குரிய தோற்றம் வெளிர்நிறப் பரப்பாகவும் காட்டப்படலாம்.

சான்றுப் புலம் வெறுமையாயின் அவ்வரிசை வரைபடத்தில் இடம்பெறலாகாது. ஒரு மாணவர் எழுதிய வரிசையை மற்றொருவர் சான்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். கருத்து வேறுபடின் ஒன்றை நீக்காமல் இரு கூற்றுகளையும் நிறுத்த வேண்டும். கலை வரலாற்றின் ஆய்வுநெறியை மாணவர் பயில்வது இக்கட்டத்திலேயாம்.

முடிவுரை

ரோஜரின் அவையில் அல்-இத்ரீசி 1154இல் நிறைவுசெய்த புவியியல் நூலின் வரைபடங்களில் தெற்கு மேற்புறத்தில் உள்ளது. இன்றைய வாசகர் அதைக் கண்டதும் எந்த வரைபடமும் ஒரு நோக்குநிலையிலிருந்து வரையப்பட்டதே என உணர்வர். திரையில் தோன்றும் புள்ளி அவ்வுணர்வைத் தருவதில்லை. காண்போர் அதை மெய்யென ஏற்கின்றனர். மூன்று சமயத்தாரும் பல மொழியினரும் பங்குகொண்ட ஒரு கலையை இன்றைய நாட்டெல்லைக்குள்ளோ ஒற்றை அடைமொழிக்குள்ளோ அடைத்துவிடும் ஆற்றல் அப்புள்ளிக்கு உண்டு. அதைத் தவிர்க்கும் வழி, சான்றையும் ஐயத்தையும் வரைபடத்திலேயே புலப்படுத்துவதாகும்.