பாலை மரமும் பாலைப்பழமும்

பால் சுரக்கும் மரங்கள் பலவற்றுக்குப் பாலை என்ற பெயர் உண்டு. ஏழிலைப்பாலை, வெட்பாலை என்பன வேறு. வன்னியிலே நாம் உண்ணும் பழத்தைத் தருவது இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த உலக்கைப்பாலை. பெயருக்கேற்ப இதன் வைரம் உலக்கைக்கு உதவியது. நீரில் இட்டால் அமிழும் மரம் இது. ஆங்கிலேயர் காலத்தில் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டைகளாகவும் சென்றது.

வைகாசி, ஆனி மாதங்களில் வேப்பம்பழமளவில் மஞ்சளாகப் பழுக்கும். தேன்போல் இனிக்கும். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பொருட்படுத்துவார் எவருமிலர்! கரடியும் இதற்காக மரமேறும். ஆதலால் பழக்காலத்தில் காட்டுக்குத் தனியே செல்லலாகாது என்பர் பெரியோர்.

இன்று கவலை தருவது பழம் பறிக்கும் முறையே. சிலர் கொப்புகளை வெட்டி வீழ்த்திப் பறிக்கின்றனர். மிக மெதுவாக வளரும் மரமாதலால் வெட்டிய கொப்பு மீளத் தழைத்துக் காய்க்கப் பல்லாண்டுகள் செல்லும். விதை பரப்பும் பறவைகளும் கரடிகளும் அதுவரை எங்கே போகும்? மரத்தின் கீழ் படங்கு விரித்துக் கொப்பை உலுப்பினால் கனிந்தவை தாமே உதிரும்.

பாலையடியில் பிள்ளையாரையும் வைரவரையும் வைத்து வழிபட்ட எம் முன்னோர் அம்மரங்களில் கத்தி வைக்கவில்லை. உண்ட பழத்தின் விதையை மாரிக்கு முன் ஆலய வெளிவீதியோரம் ஊன்றலாம். முளைத்தபின் ஆடு மாடு கடியாதபடி முள் அடைத்தல் வேண்டும்.