சிமுலேட்டரில் ஜெட் விமானம் நிஜம்போல் பறக்க...

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்-ல் இலவசமாகக் கிடைக்கும் 737-800 மாடல்கள் பல, ராக்கெட் மாதிரி ஏறும். இறங்கச் சொன்னால் இறங்க மறுக்கும். ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி ஃபைலில் நாலைந்து எண்களைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

1. முதலில் அந்த ஃபைலை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். திருத்த நோட்பேடே போதும். திருத்தியபின் விமானத்தை மறுபடி லோடு செய்தால்தான் மாற்றம் தெரியும்.

2. சோதனையின்போது காற்று கூடாது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கட்டும். விமானத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 டன்னில் எடுத்த அளவை 70 டன் அட்டவணையோடு ஒப்பிட்டால் எல்லாமே கோணலாகும்.

3. ரியலிசம் பக்கத்தில் ‘இண்டிகேட்டட் ஏர்ஸ்பீட்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். 35,000 அடியில் மாக் 0.78 என்பது உண்மை வேகத்தில் சுமார் 450 நாட். வேகமானி காட்ட வேண்டியது 265 நாட் அளவில்தான். பலர் இங்கேயே ஏமாந்து, தவறே இல்லாத எண்ணைத் திருத்துகிறார்கள்.

4. இழுவையை முதலில் சரிசெய்யுங்கள், உந்துவிசை பிறகு. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்கும்போது இரண்டும் சமம் என்பதால், ஒன்றின் பிழையை மற்றது மறைத்துவிடும். ஆகவே 35,000 அடியில் எஞ்சினை ஐடிலில் வைத்து, முதலில் மாக் 0.78-லும், வேகமானி 280 நாட்டைத் தொட்டபின் அந்த வேகத்திலும் இறங்குங்கள். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 கடல் மைல் என்பது விமானிகளின் கணக்கு. 5,000 அடிக்கு வர 90 மைலுக்குப் பதில் 120 மைல் ஆனால் இழுவை குறைவு. ஐடிலிலும் கொஞ்சம் உந்துவிசை உண்டு. சந்தேகமிருந்தால் எரிபொருளை நிறுத்திவிட்டு மிதக்கவிட்டும் பாருங்கள். ஜெட் விமானம் நன்றாகவே மிதக்கும். 2001-ல் ஏர் டிரான்சாட்டின் ஏ330, இரண்டு எஞ்சினும் அணைந்த நிலையில், 65 கடல் மைல் தொலைவிலிருந்த அசோர்ஸ் தீவில் பத்திரமாக இறங்கியது.

5. வேகமாகப் போகும்போது மட்டும் பிழையா? ‘பாராசைட் டிராக் ஸ்கேலார்’ எண்ணைத் தொடுங்கள். 220 நாட் பக்கம் வந்தால் மட்டும் பிழையா? ‘இண்ட்யூஸ்டு டிராக் ஸ்கேலார்’. முதல்வகை இழுவை வேகத்தோடு கூடும், இரண்டாவது குறையும். ஒரு நேரத்தில் ஒரு எண், அதுவும் 0.05 அளவே.

6. ஃபிளாப்பும் சக்கரமும் இறக்கியபின் வரும் குறைக்கு மேற்சொன்னவற்றைத் தொடாதீர்கள். ஃபிளாப் பகுதியில் தனி எண் இருக்கிறது.

7. இனி உந்துவிசை. 737-800-ன் ஒரு எஞ்சினுக்கு 27,300 பவுண்டு வரை உண்டு; அந்த எண் சரியாக இருந்தால் விட்டுவிட்டு, ‘த்ரஸ்ட் ஸ்கேலாரை’ மட்டும் மாற்றுங்கள். முழு எடையோடு நேரே 41,000 அடிக்கு ஏறிவிட்டால் அது அதிகம். கீழே சரி, மேலே மட்டும் தவறு என்றால் கோளாறு ‘ஏர்’ ஃபைலின் அட்டவணைகளில். அதற்குத் தனி எடிட்டர் வேண்டும்.

8. எரிபொருள் செலவு கடைசியில். 65 டன் எடையில், 35,000 அடியில், மணிக்குச் சுமார் 2,400 கிலோ வரவேண்டும். ‘ஃப்யூயல் ஃப்ளோ ஸ்கேலார்’ இதைப் பார்த்துக்கொள்ளும்.

9. திருத்திய வரியின் பக்கத்திலேயே இரட்டைச் சாய்கோடு போட்டு, பழைய எண்ணை எழுதிவையுங்கள். ஃபைலை வாங்கிப் பறப்பவருக்கும் அது உதவும்.