பால் மறந்த பிள்ளை

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஜெபமாகுமா என்று கேட்டிருக்கிறாய். ஆகும். மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள். கப்பர்நகூமில் பொழுது சாய்ந்தபின் ஊரே வாசலில் கூடுகிறது. நோயாளிகள் பலரை இயேசு குணமாக்குகிறார். மறுநாள் இருட்டோடு எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்லியும் அவர் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். ஊர் கூப்பிட்ட பக்கம் போகாமல், தாம் வந்த வேலையின் பக்கம் போகிறார். அந்த முடிவு தனிமைக்குப் பின்தான் வருகிறது. நாமோ ஜெபம் என்றாலே கேட்பது என்று பழகிவிட்டோம். 131-ஆம் சங்கீதத்தில் வரும் பால் மறந்த பிள்ளையை நினைத்துப் பார். பால் குடிக்கிற பிள்ளை மடியில் ஏறியதும் மார்பை முட்டும், கிடைக்காவிட்டால் அழும். பால் மறந்த பிள்ளைக்கு அந்தப் பதற்றமில்லை. அம்மா மடியே போதுமென்று கிடக்கும். 150-ஆம் சங்கீதம் கைத்தாளம் தட்டச் சொல்கிறதே என்பாய். சொல்கிறதுதான், உரத்த ஆராதனையை நான் குறை சொல்லவில்லை. கைத்தாளத்தைக் கற்ற அளவுக்கு நம் சபைகள் இந்த மடியைக் கற்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அநியாயம் நடக்கும்போது தியானத்தில் உட்காருவது கோழைத்தனமல்லவா என்ற உன் கேள்வி கனமானது. ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைப் பார். ஹிட்லருக்கு வளைந்துகொடுக்க மறுத்த திருச்சபைக்காக 1935-இல் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில், தினமும் காலை அரை மணி நேரம் மௌன தியானம். வாரம் முழுவதும் ஒரே வேதப்பகுதி. மாணவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திணறினார்கள், முணுமுணுத்தார்கள். அவர் விடவில்லை. 1937-இல் ஹிட்லர் அரசின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அந்தப் பள்ளியை மூடியது. பின்பு ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்த அவர், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். பயத்தில் வாய் மூடுகிறவன் இப்படியா சாவான்? கடவுள் முன் வாய் மூடிப் பழகியவருக்கு மனிதர் முன் வாய் திறக்கும் துணிவு இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

உனக்கும் மனம் அலையும். தேர்வு வரும், நண்பன் சொன்ன சுடுசொல் வரும். அதற்கும் போன்ஹோஃபர் வழி சொன்னார்: மனம் யாரிடம் ஓடுகிறதோ அவருக்காக ஜெபித்துவிட்டு, வேதப்பகுதிக்குத் திரும்பு. அரை மணி உனக்கு இப்போது அதிகம். பத்து நிமிடம் போதும். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடு. மாற்கு 1:35-ஐ எடுத்துக்கொள். அடுத்த ஞாயிறு வரை அந்த ஒரு வசனத்தை மாற்றாதே.

அன்புடன்,
உன் அண்ணன்